நாற்பதாவது விசிறி

பதினொரு மணிக்கு வரவேண்டிய பேருந்து பத்தே முக்காலுக்கே வந்து நின்றுவிட்டது. டெல்பியா கிராடி அப்போதுதான் கடைசி ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தாள். பெனியேல் ஆலயத்தின் குளிர்சாதன இயந்திரம் ஜூன் மாதமே உயிரை விட்டிருந்தது. ஜூலை பாதி கடந்தும் அதைப் பார்க்க ஆள் வரவில்லை. அலபாமாவில் ஜூலை வெயில் அடிக்கிற அடியில், காலையில் இஸ்திரி போட்ட சட்டை பத்து மணிக்கெல்லாம் பிழிந்த துணியாகிவிடும்.

ஒஹாயோவிலிருந்து வந்த முப்பது பேர். பாதி வெள்ளையர், பாதி கறுப்பர். முக்கால்வாசிப் பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறுகிற வயது. டெல்பியா ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டை விசிறியைக் கொடுத்தாள். ஒரு பக்கம் ஆற்றங்கரையில் நிற்கும் மேய்ப்பன் படம். மறுபக்கம் ஊர் சவப்பெட்டிக்காரரின் விளம்பரம்.

"போறப்ப திருப்பிக் குடுத்துடணும். குடுக்காம போனா அவரு உங்களத் தேடி வந்துடுவாரு" என்று விளம்பரத்தைக் காட்டினாள். சிரித்தார்கள். பதினோரு வருடமாக அதே இடத்தில் அதே சிரிப்பு.

அதற்கு முன் இருபத்தொன்பது வருடம் அவள் கெளுத்தி மீன் ஆலையில் கத்தி பிடித்தவள். நிமிடத்துக்குப் பன்னிரண்டு மீன் அறுத்த மணிக்கட்டுகள் இரண்டும் ஒருநாள் காப்பிக் கோப்பையைக்கூடத் தூக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டன. அறுவை செய்த தழும்போடு வீட்டுக்கு வந்தவளை, நீ நன்றாகப் பேசுவாயே, வருகிறவர்களுக்குக் கோயிலைக் காட்டு என்று சபைதான் உட்கார வைத்தது.

நன்றாகத்தான் பேசினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து ஜூனில் இந்த இருபது பெஞ்சுகளிலும் ஜனங்கள் எப்படி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள், கறுப்பர்களுக்கு மறுத்துவந்த ஓட்டுரிமைக்குப் பெயர் பதிய நீதிமன்றம் வரை நடக்க யார் யார் எழுந்து நின்றார்கள் என்று சொன்னாள். பேரெழுதிய தாள் போலீஸ் கையில் சிக்கினால் எல்லாரும் தொலைந்தார்கள். அதனால் பெயர்களை விசிறியில் எழுதினார்கள். விளம்பர எழுத்துக்கு நடுவே, பென்சிலால், பொடியாக. ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு விசிறி. எழுதிய ஐந்தையும் மற்ற முப்பத்தைந்தோடு கலந்து பெஞ்சு முதுகில் செருகிவிட்டார்கள். பெஞ்சுக்கு இரண்டு, மொத்தம் நாற்பது. சோதனைக்கு வந்த ஷெரிப்பின் ஆள் ஒருவன் அதிலேயே ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டு, ஒன்றும் இல்லை என்று போனான்.

இங்கே டெல்பியா குரலைத் தாழ்த்துவாள். ஜனங்கள் முன்னால் சாய்வார்கள்.

"ஆனா எங்களுக்குள்ளயே ஒரு பாம்பு இருந்துச்சு. எந்த விசிறியில பேரு இருக்குன்னு தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தர் பாஸ்டர். இன்னொருத்தன் கோயில் சாவி வெச்சிருந்தவன். ஹார்கிரோவ் பண்ணை விசிறி ஒருநாள் பண்ணை மொதலாளி ஹார்கிரோவ் கையிலயே போய்ச் சேந்துச்சு. அவன் நெலத்துல குடியிருந்த பதினாலு குடும்பம். ஒரே வாரத்துல வீட்டவிட்டு வெளியில தள்ளிட்டாங்க. அந்தக் குளிர்காலம் பூரா கூடாரத்துல கெடந்தாங்க."

முன் பெஞ்சில் ஒரு அம்மாள் உச்சுக்கொட்டினாள். இந்த இடத்தில் யாராவது ஒருவர் உச்சுக்கொட்டாமல் இருந்ததில்லை.

பேருந்து கிளம்பிய பிறகு பார்த்தால், கடைசிப் பெஞ்சில் ஒருத்தி இன்னும் உட்கார்ந்திருந்தாள். சாம்பல் நிறத் தொப்பி, அறுபதைத் தாண்டிய முகம், மடியில் கைப்பை. வண்டி போயிடுச்சே அம்மா என்றாள் டெல்பியா. தான் அந்த வண்டியில் வரவில்லை, சொந்தக் காரில் வந்ததாகச் சொன்னாள் அவள்.

"அந்தச் சாவிக்காரன் பேரு என்ன?"

"பேரை நாங்க சொல்றதில்லைங்க."

"ஓசியா டால்பர்ட். எங்கப்பா."

டெல்பியாவின் கையிலிருந்த விசிறிக்கட்டு நழுவித் தரையில் சிதறியது. ஒன்றையும் அவள் குனிந்து எடுக்கவில்லை.

"நீ இமோஜினா? ரெட்டைப் பின்னல் போட்டுக்கிட்டு, ஞாயிறு வகுப்புல வசனம் சொல்லச் சொன்னா அழுவியே."

"இப்ப அழறதில்ல" என்றாள் இமோஜின். எழுந்து, சிதறியதைப் பொறுக்கினாள். பெஞ்சு பெஞ்சாகப் போய், ஜனங்கள் விட்டுப்போனதையும் சேர்த்து அடுக்கினாள். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள். "எங்கப்பா பழக்கம். கூட்டம் முடிஞ்சா மொத வேலை விசிறி எண்றது. வீட்டுல ஸ்பூனக்கூட எண்ணித்தான் வெப்பாரு."

அவள் வந்த காரியத்தை நின்றபடியே சொன்னாள். ஓசியா பிப்ரவரியில் இந்தியானாவில், கேரி என்னும் ஊரில் இறந்துபோனார். அங்கே எஃகு ஆலையில் முப்பது வருடம் உலை முன்னால் நின்றவர். நீதிமன்றத்துக்கு நடந்தவர்களின் பெயர் வெட்டிய நினைவுக் கல்லை இந்த ஞாயிறு திறக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். அறுபத்தொரு பேர். அப்பாவும்தான் நடந்தார், படியில் தடியடி பட்டு இடது காது கேட்காமல் போனது. அவர் பெயரையும் சேர்க்கச் சொல்லிச் சபைக்கு இரண்டு கடிதம் போட்டாள். சபைக்குச் சம்மதமில்லை என்று ஒரு வரி பதில் வந்தது.

"ஞாயித்துக்கிழம வரைக்கும் நெடுஞ்சாலை விடுதியிலதான் இருப்பேன்" என்றாள். அடுக்கிய விசிறிகளை டெல்பியாவின் கையில் வைத்தாள். "நாப்பது. சரியா இருக்கு. அன்னைக்கு ராத்திரி எங்கப்பா எண்ணுனப்போ முப்பத்தொம்போதுதான் இருந்துச்சாம்."

*

வீட்டில் அக்கா மொசெல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். டெல்பியாவுக்கு ஆறு வயது மூத்தவள். சர்க்கரை வியாதி வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டு போய்விட்டது, நாக்கைத் தொடவில்லை. இரண்டு பேருக்கும் புருஷன்மார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் அட்லாண்டாவில்.

டெல்பியா வெண்டைக்காயைச் சோளமாவில் புரட்டி எண்ணெயில் போட்டாள். பிறகு வந்தது யார் என்று சொன்னாள்.

மொசெல் கத்தியைத் தட்டில் வைத்தாள். "வந்தவளுக்குக் கோயிலக் காட்டுனியா?"

"காட்டுனேன்."

"திருப்பி அனுப்புனியா?"

"ஞாயித்துக்கிழம வரைக்கும் இருக்காளாம்."

"இருக்கட்டும். விடுதியில குளிர்சாதனம் வேலை செய்யும். நீ அடுப்பப் பாரு, கருகுது."

டெல்பியா அடுப்பைப் பார்த்தாள். ஆனால் கண்ணில் தெரிந்தது வேறு அடுப்பு.

அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. கூட்டம் முடிந்து கலையும்போது, அவர்கள் குடும்பம் எப்போதும் உட்காரும் ஏழாம் பெஞ்சிலிருந்து ஒரு விசிறியை எடுத்துப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த மேய்ப்பனின் கையில் இருந்த ஆட்டுக்குட்டி அவளுக்குப் பிடித்திருந்தது, வேறு காரணம் ஒன்றும் இல்லை. அந்த ஊரில் கோயில் விசிறி இல்லாத வீடே கிடையாது. கேட்டு எடுக்கிற பொருளே அல்ல அது. காலையில் அம்மா யூலா வேலைக்குக் கிளம்பும்போது மேசைமேல் கிடந்ததைக் கையோடு எடுத்துப்போனாள். யூலா, ஹார்கிரோவ் வீட்டுச் சமையல்காரி. அடுப்படி கொதித்தது. விசிறிவிட்டு, ஜன்னல் கட்டையில் வைத்தாள். வீட்டுக்காரச் சீமாட்டி வந்து, என்ன புழுக்கம் யூலா என்று அதை எடுத்துக்கொண்டு முன்வராந்தாவுக்குப் போனாள். போனவள் விசிறியைத் திருப்பி, விளம்பர எழுத்துக்கு நடுவே இருந்த பெயர்களைப் பார்த்தாள்.

அன்று அம்மா மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். இரண்டு பெண்களையும் கட்டிலில் உட்காரவைத்து, ஒரே வாக்கியம் சொன்னாள்: நம்ம வீட்டுல விசிறி எதுவும் இருந்ததில்ல.

அடுத்த ஞாயிறு சபை ஓசியாவைப் பார்த்தது. சாவி அவரிடம். எந்த விசிறி என்று தெரிந்தவர் அவர். காணாமல் போன விசிறியில் அவர் பெயர் இல்லை. யாரும் அவரைத் திட்டவில்லை, வெளியே போகச் சொல்லவும் இல்லை. அவர் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து எல்லாரும் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். வெள்ளைக் கையுறை போட்ட வாசல்காரர்கள் வரிசையாக விசிறி நீட்டிக்கொண்டு வந்து, அவரிடம் மட்டும் நீட்டாமல் கடந்தார்கள். நான்கு ஞாயிறு அப்படி. கோட்டு முதுகு நனைந்து ஒட்ட, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் ஞாயிறு அந்தக் குடும்பம் ஊரில் இல்லை.

யூலா அதன்பின் நாற்பது வருடம் வாழ்ந்தாள். கூடாரத்தில் கிடந்தவர்களுக்கு, எஜமானி வீட்டு மாவையும் பன்றிக்கொழுப்பையும் ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சபையின் தாய் என்று பெயர் வாங்கினாள். கோயிலை ஒட்டிய சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் 'யூலா கிராடி கூடம்' என்று பலகை தொங்குகிறது.

"அக்கா, ஒரு தடவ சொல்லிட்டா என்ன?" என்றாள் டெல்பியா.

"யாரு பேர எடுக்கப்போற? ஓசியா பேர உள்ள எழுதணும்னா அம்மா பேர வெளிய எடுக்கணும். பலகை சும்மா தொங்கலடீ, அவ சுமந்துட்டுப்போன மாவு மூட்டைக்குத் தொங்குது."

"மாவு மூட்ட எதுக்கு சுமந்தான்னு நமக்குத் தெரியும்ல."

 மொசெல் தட்டில் போட்ட வெண்டைக்காயை ஒன்றுகூடத் தொடாமல் தள்ளிவிட்டு, நாற்காலியை உருட்டிக்கொண்டு அறைக்குள் போனாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "பதினோரு வருஷமா பஸ்ஸு பஸ்ஸா பாம்புக் கதை சொன்னவ நீ. நானா சொல்லச் சொன்னேன்?"

 முதலில் டெல்பியா அந்தப் பகுதியைச் சொன்னதில்லை. ஒருநாள் யாரோ கேட்டதற்குச் சொன்னாள். ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மறுநாளும் சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவளுக்கே நடந்ததுபோல் ஆகிவிட்டது.

*

வெள்ளிக்கிழமை கல் வந்தது. கோயில் முற்றத்தில் நான்கு பேர் அதை நிமிர்த்தி நிறுத்தினார்கள். சபைக் காரியங்களைப் பார்க்கும் டீக்கன் பர்னெல் கட்டையை இப்படி வை, அப்படி வை என்று கத்திக்கொண்டிருந்தார். அகர வரிசையில் அறுபத்தொரு பெயர். மொசெல் கிராடி நடுவில் இருந்தாள்.

ஓசியாவின் மகள் வந்திருக்கிறாளாமே என்று டெல்பியா பேச்சை எடுத்தாள். தெரியும் என்றார் பர்னெல். நேற்றே தன் வீட்டுக் கதவைத் தட்டினாளாம், திறக்கவில்லையாம்.

"ஒருவேள அவரு செய்யாம இருந்திருந்தா?" என்றாள் டெல்பியா.

பர்னெல் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். கூடாரத்தில் கிடந்த பதினாலு குடும்பத்தில் ஒன்றின் பிள்ளை அவர். "அப்ப யாரு செஞ்சது? சொல்லு. நீதான கதை சொல்றவ."

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அவர் பின்னால் சாப்பாட்டுக் கூடத்துப் பலகை தெரிந்தது. வெயில் ரொம்ப ஏறிடுச்சு, தண்ணி குடிங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே இமோஜின் ஏழாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

இருபது பெஞ்சு இருக்க, அங்கே ஏன் உட்கார்ந்தாள் என்று டெல்பியாவுக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. விசிறிக் குச்சி ஒவ்வொன்றிலும் பெஞ்சு எண் மையால் எழுதியிருக்கும். எண்ணியவருக்கு எது குறைகிறது என்று மட்டுமல்ல, எங்கே குறைகிறது என்றும் தெரிந்திருக்கும்.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நான்தான் எடுத்தேன்" என்றாள். ஐம்பத்திரண்டு வருடமாக உள்ளே கிடந்தது, வெளியே வந்தபோது இரண்டே வார்த்தைதான் இருந்தது. மீதியைத் தரையைப் பார்த்துச் சொன்னாள். ஆட்டுக்குட்டி, மேசை, அடுப்படி, சீமாட்டி.

இமோஜின் குறுக்கே பேசாமல் கேட்டாள். "அப்பாவுக்குத் தெரியும்" என்றாள் கடைசியில். "எடுத்தது நீங்களா உங்கம்மாவான்னுதான் தெரியாது. அந்த வாரமே உங்க வீட்டுக்கு வந்தாராம். தொப்பியக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் தட்டுனாராம்."

டெல்பியாவுக்கு அந்தத் தட்டல் ஞாபகம் வந்தது. மூன்று தட்டு, இடைவெளி, மூன்று தட்டு. அம்மாவின் கை அவள் வாயைப் பொத்தியிருந்தது. வெங்காய வாசனை அடித்த கை.

"தெரிஞ்சும் ஏன் சபையில சொல்லல?"

"பெரிய மனசுன்னு நினைச்சுக்காதீங்க" என்றாள் இமோஜின். "வீட்டுல அவரு வேற ஆளு. குடிப்பாரு. இந்த ஊரு பேரச் சொன்னா தட்டு பறக்கும். எங்கம்மா பாதி வாழ்க்கைய அடுப்படியிலயே நின்னு கழிச்சா, அவரு கண்ணுல படக்கூடாதுன்னு. நான் ஒருநாள் கேட்டேன், ஏன்ப்பா சொல்லலன்னு. சாவி வெச்சிருந்தவன் சமையல்காரியக் கைகாட்டுனா யாரு நம்புவாங்கன்னாரு. அப்புறம் சொன்னாரு, அவங்களே வந்து சொல்லட்டும்னு." அவள் கைப்பையைத் திறந்து மூடினாள். "காத்துக்கிட்டே இருந்தாரு. கடுதாசிக்காரன் வந்தா மொதல்ல அவருதான் வாசலுக்குப் போவாரு. கடைசி மாசம்கூட, நடக்க முடியாதப்போ, கடுதாசி வந்துச்சான்னு என்னப் போய்ப் பாக்கச் சொன்னாரு."

வெளியே கல்லை நிறுத்தியவர்கள் சம்மட்டியால் ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"என்கிட்ட சொன்னது போதாது அக்கா" என்றாள் இமோஜின். "நான் ஏற்கெனவே நம்புனவ."

*

அந்த ஞாயிற்றுக்கிழமை, வருடத்துக்கு ஒருமுறை வெளியூர்ப் பிள்ளைகளெல்லாம் திரும்பி வரும் நாள். கூடத்தில் காலையிலிருந்தே கோழி பொரிகிற வாசனை. பீச் பழப் பலகாரம் ஒன்பது தட்டு. மொசெல் வெள்ளை உடையும் வெள்ளைத் தொப்பியுமாகத் தாய்மார்கள் வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கல்லில் பெயர் உள்ளவர்களில் உயிரோடு இருக்கும் ஏழு பேரில் ஒருத்தி. வழியில் வண்டியில் வரும்போது அவள் ஒன்று மட்டும் கேட்டாள்: "செய்யப்போறியா?" டெல்பியா வண்டியை ஓட்டினாள். மொசெல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிரசங்கத்துக்கு முன் சாட்சி நேரம். டீக்கன் பர்னெல் ஒரு வரி பாட, சபை அதை இழுத்து மெதுவாகத் திருப்பிப் பாடியது. ஒருவர் அறுவைசிகிச்சை பிழைத்ததைச் சொன்னார். ஒருத்தி மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னாள். ஆமென், ஆமென் என்றார்கள்.

டெல்பியா எழுந்தாள்.  குரல் பழகிய குரல், அந்தச் சுவர்களுக்குப் பழக்கப்பட்ட குரல்.

"ஹார்கிரோவ் பண்ணை விசிறிய இந்தக் கோயிலவிட்டு எடுத்துட்டுப் போனது நான். பேரு எழுதியிருந்தது தெரியாது. ஹார்கிரோவ் அடுப்படிக்குக் கொண்டுபோனது எங்கம்மா யூலா. அவளுக்கும் தெரியாது. அப்புறம் தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லல. ஓசியா டால்பர்ட் யாரையும் காட்டிக்குடுக்கல. பதினோரு வருஷமா நான் இங்க நின்னு சொன்னது பொய்."

மொசெல்லின் பெயரை அவள் எடுக்கவில்லை. அக்காவுக்கு அவளால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

ஆமென் என்று யாரும் சொல்லவில்லை. நாற்பது விசிறிகளும் நின்றுபோயிருந்தன. அந்தக் கோயிலில் அப்படி ஒரு நிசப்தத்தை அவள் கேட்டதில்லை, எப்போதும் எங்காவது அட்டை அசைகிற ஓசை இருக்கும். கடைசிப் பெஞ்சில் இமோஜின் மட்டும் தலையை நிமிர்த்தி, நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பர்னெல் அடுத்த வரியைப் பாடத் தொடங்கினார். குரல் உடைந்தது. இன்னொருவர் எடுத்துக்கொண்டார்.

ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே போகும்போது பர்னெல் அவள் முன்னால் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"கூடாரத்துல செத்துப்போன என் தங்கச்சிக்கு ரெண்டு வயசு, டெல்பியா" என்றார். "அவ சாவுக்கு உங்கம்மாதான் சமைச்சா. நான் ரெண்டு தட்டு சாப்பிட்டேன்."

முற்றத்தில் இமோஜின் கல்லின் முன் கொஞ்சநேரம் நின்றாள். கட்டிக்கொள்ளவில்லை, நன்றி சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்று டெல்பியாவும் கேட்கவில்லை. கூடத்தில் தனக்கே தட்டு உண்டா என்று தெரியாது. காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி, "பேரு வெட்டுனதும் ஒரு படம் எடுத்து அனுப்புங்க" என்றாள் இமோஜின். "கல்லறையில வெக்கணும்."

*

பெயர் வெட்டினார்கள். அகர வரிசையில் இடமில்லை. அறுபத்தொரு பெயருக்கும் கீழே தனியாக, சற்றுச் சின்ன எழுத்தில். டெல்பியா படம் எடுத்து அனுப்பினாள். கிடைத்தது என்று ஒரு வார்த்தை வந்தது.

கூடத்துப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். பலகை இருந்த இடத்தில் சுவர் மட்டும் பழைய நிறத்தில் நீளமாகத் தெரிகிறது. பேருந்தில் வருகிறவர்களுக்கு இப்போது பர்னெலின் மருமகள் கோயிலைக் காட்டுகிறாள். டெல்பியாவிடம் இருந்த கோயில் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்படி யாரும் கேட்கவில்லை. டெல்பியாவே கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள்.

மொசெல் பேசுவதில்லை. உப்பு வேண்டுமானால் மேசையைத் தட்டுகிறாள். ஆனால் ஞாயிறு காலை தொப்பியைப் போட்டுக்கொண்டு, வண்டிக்குத் தயாராகச் சக்கர நாற்காலியில் வாசலில் இருக்கிறாள்.

ஆகஸ்ட் வந்தும் குளிர்சாதன இயந்திரம் சரியாகவில்லை. டெல்பியா ஏழாம் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அங்கே இருந்த மூன்று பெண்கள் பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் பெஞ்சுக்குப் போனார்கள். அவசரமில்லாமல், முகம் சுளிக்காமல், இடம் மாறி உட்காருகிறவர்கள் மாதிரிதான் போனார்கள்.

வாசல்காரர் வரிசையாக வந்தார். வெள்ளைக் கையுறை ஆறாம் பெஞ்சில் நீண்டது. ஏழாம் பெஞ்சைக் கடந்தது. எட்டாம் பெஞ்சில் நீண்டது.

முன்வரிசையில் மொசெல்லின் கையில் விசிறி மெதுவாக ஆடியது. டெல்பியா கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள். வியர்வை முதுகெலும்பு வழியாக இறங்கி உடையைப் பெஞ்சோடு ஒட்டவைத்தது. துடைக்கவில்லை.

ஓசியா டால்பர்ட் இப்படி நான்கு ஞாயிறு உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு போவதற்கு அவருக்கு வேறு ஊர் இருந்தது.

இது அவளுக்கு மூன்றாவது ஞாயிறு.